இருபத்தொன்பதாவது பெயர்

வாண்டுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு நீளமாக, அழகாக ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் வீட்டிலும் தெருவிலும் எல்லோருக்கும் அவள் வாண்டுதான். ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் அம்மா சிரிப்பார்.

"அஞ்சு நிமிஷம் அவளோட இருந்து பாருங்க. தானா தெரியும்" என்பார்.

அம்மாவின் பிழைப்பே பெயர்களோடுதான். கல்லில் எழுத்து வெட்டுவது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. டாக்டர் வீட்டுப் பெயர்க்கல், பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு விழாக் கல் எல்லாம் அங்கே தயாராகும். ஒரு முறை ஒருவர் கல்லிலேயே 'நாய் ஜாக்கிரதை' என்று வெட்டி வாங்கிப் போனார். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

"நாயை மச்சானுக்குக் கொடுத்துட்டேன். எழுத்தை மட்டும் அழிச்சுக் கொடுங்களேன்" என்றார்.

"கல்லுல ரப்பர் வேலை செய்யாதுங்க. இன்னொரு நாய் வாங்கிக்கோங்க" என்றார் அம்மா.

அதனால்தான் வெட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் மூன்று முறை எண்ணிப் பார்ப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். எத்தனை வரி, எத்தனை எழுத்து, எத்தனை பெயர். எண்ணுகிற பொறுப்பு வாண்டுக்கு. அதை அவள் தன் சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான் செய்வாள்.

சிம்மாசனம் என்றதும் தங்கம், வைரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு கல் துண்டு. போன வருடம் பெரிய கருங்கல் ஒன்றை அளவாக அறுத்து வைத்தபோது மிஞ்சியது. ஒரு முழ நீளம் இருக்கும். மேற்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வெயில் காலத்தில் சில்லென்று இருக்கும். வீட்டுப்பாடம் எழுதுவது, கதைப் புத்தகம் படிப்பது, அம்மாவிடம் திட்டு வாங்குவது எல்லாம் அதில் உட்கார்ந்துதான். வேறு யாராவது உட்கார்ந்தால் வாண்டு எதிரில் நின்று முறைப்பாள். உட்கார்ந்தவர் தானாக எழுந்துவிடுவார்.

அந்தத் துண்டு மிஞ்சிய பெரிய கல், வேலை வரட்டும் என்று பட்டறையிலேயே காத்திருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஒரு சனிக்கிழமை காலையில் ஊர் நினைவுக் குழுவின் தலைவர் பட்டறைக்கு வந்தார். தபால் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. பையில் கறுப்பு, நீலம், சிவப்பு என்று மூன்று பேனாக்கள் வரிசையாக நிற்கும்.

"பூங்கா வாசல்ல ஒரு கல் வைக்கப் போறோம்மா" என்றார். "அந்த ஒழுகுற குழாய் இருக்கே, அதுக்கு எதிர்ல. நூறு வருஷத்துக்கு முன்னால வெள்ளைக்காரங்க நம்மள ஆண்டாங்க இல்லையா? அவங்க போட்ட சண்டைக்கு நம்ம ஆளுங்க லட்சக்கணக்குல கப்பலேறிப் போனாங்க. நம்ம ஊர்லேர்ந்தும் போனாங்க. பாதிப் பேர் திரும்பி வரவே இல்ல. இத்தனை வருஷத்துல அவங்க பேரைச் சொல்ல ஊர்ல ஒரு கல்லுகூட இல்ல."

"யாரோட சண்டை சார்?" என்று வாண்டு கேட்டாள்.

"யாரோ ரெண்டு ராஜாங்களுக்குள்ள சண்டை பாப்பா."

"அதுக்கு நம்ம ஆளுங்க ஏன் போனாங்க?"

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "நல்ல கேள்விதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து நீட்டினார். பழைய ராணுவப் பதிவேட்டைப் பார்த்து அவரே எழுதிய பெயர்ப் பட்டியல்.

வாண்டு சிம்மாசனத்தில் அமர்ந்து எண்ணினாள். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டு. மூன்றாம் முறை கீழேயிருந்து மேலே எண்ணினாள். அப்போதும் இருபத்தெட்டுதான். ஆனால் தாளின் அடியில் 'மொத்தம்: 29' என்று இருந்தது.

"சார், ஒருத்தர் குறையறாரே."

"பதிவேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு பாப்பா. பேரு இருபத்தெட்டு, மொத்தம் இருபத்தொன்பது. எழுதின குமாஸ்தாவுக்குக் கணக்கு வராது போல. கூட்டல் பிழை." தலைவர் சிவப்புப் பேனாவை எடுத்து 29-ஐ அடித்துவிட்டு 28 என்று எழுதினார்.

பாப்பா! பத்து வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுவது வாண்டுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தச் சிவப்புக் கோடும் பிடிக்கவில்லை. ஆனால் பெரியவர்களின் கணக்கில் எவ்வளவு நேரம்தான் குறுக்கே பேச முடியும்? தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

அம்மா மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டினார். வலப்பக்கம் பதினான்கு பெயர், இடப்பக்கம் பதினான்கு பெயர், சுற்றிலும் இரட்டைக் கோடு. தலைவர் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து பார்த்தார். வரும்போதெல்லாம் பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுப்பார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் அந்த இருபத்தெட்டுப் பேரில் ஒருவர். போர்க்களத்திலிருந்து அவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் அது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பிப்பார்.

"'மூன்று நாளாகக் குழிக்குள் கிடந்தோம். தாகம் தாங்க முடியவில்லை. தோட்டா பறக்கும்போதும் எங்கள் வந்துட்டேன் அண்ணன் தோல்பையில் தண்ணீரோடு தவழ்ந்து வந்தார். ஆளுக்கு இரண்டு வாய்தான் கிடைத்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். நான்காம் நாள் துப்பாக்கியை ஏந்தி எழுந்தேன்...'"

துப்பாக்கி வரும் இடத்தில் தலைவரின் குரல் ஓங்கும். நெஞ்சு நிமிரும். தண்ணீர் வரும் இடத்தை மட்டும், சின்ன ஸ்டேஷனில் நிற்காத ரயில் மாதிரி கடகடவென்று தாண்டிப் போய்விடுவார். பதினோரு முறை கேட்டதில் வாண்டுக்குக் கடிதம் முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது.

கல் தயார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழும் ஊர் முழுக்கப் போய்விட்டது.

புதன்கிழமை சாயங்காலம் வாண்டின் சைக்கிளில் சங்கிலி கழன்றுகொண்டது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனாள். நெட்டை அவள் வகுப்புப் பையன். வகுப்பிலேயே உயரம் அவன்தான். பேச்சு மட்டும் குள்ளம், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறாது. அவன் அப்பா வீட்டு வாசலிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"மாமா, சங்கிலி மறுபடியும் மக்கர் பண்ணுது."

"வண்டியை ஓட்டுறியா, இல்ல சண்டை போடுறியா?" சைக்கிள் கடை மாமா சிரித்தார். "வேர்த்து ஊத்துதே! டேய், வாண்டுக்குத் தண்ணி!"

"வந்துட்டேன்!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். அடுத்த நொடி நெட்டை ஓடி வந்தான். சட்டை மாற்றிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. பாதித் தண்ணீர் தரையில்.

வாண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஏன் மாமா, உங்க வீட்ல தண்ணின்னு சொன்னா மட்டும் எல்லாரும் இப்படி விழுந்தடிச்சு ஓடி வர்றீங்க? சாப்பிடக் கூப்பிட்டாக்கூட இவன் இவ்வளவு வேகமா வர மாட்டானே!"

"அது எங்க வீட்டுப் பழக்கம்மா. யாரு தண்ணி கேட்டாலும் கையில இருக்கறதைப் போட்டுட்டு, 'வந்துட்டேன்'னு சொல்லிட்டே ஓடணும். எங்க தாத்தாவோட அப்பா அப்படித்தானாம். அந்தக் காலத்துல பட்டாளத்துக்குத் தண்ணி சுமக்கிற வேலைக்குப் போனவரு. குண்டு விழுந்தாலும், 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு சொல்லிட்டே போவாராம். அதனால அந்தப் பேரே நிலைச்சிடுச்சு. 'வந்துட்டேன் அண்ணன்'."

வாண்டு வாயிலிருந்த தண்ணீரை விழுங்க மறந்தாள்.

"ஆனா, வீட்டுக்கு மட்டும் அவரு வரல" என்று மாமா சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு பேரு ஏன் மாமா கல்லுல இல்ல?"

மாமாவின் கை நின்றது. "போன மாசம் தலைவரைப் போய்ப் பார்த்தேன். ஆதாரம் இருக்கான்னு கேட்டாரு. என்கிட்ட என்ன இருக்கு? வாய் வழியா வந்த கதைதான். பேரு போட்ட காகிதம் எதுவும் இல்ல. துப்பாக்கி பிடிச்சவங்க பேருதான் பதிவேட்டுல இருக்குன்னாரு. சரி, விடு. கல்லுல பேரு வந்தாத்தான் தாத்தாவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் துடைத்த சங்கிலியையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் வரல" என்றான் நெட்டை. அன்றைக்கு அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"வருவ" என்றாள் வாண்டு. "இப்பவே வா. தலைவர் வீட்டுக்குப் போறோம்."

"ஆதாரம்?"

"இருக்கு. அவர் சட்டைப் பையிலேயே இருக்கு!"

சங்கிலி மாட்டியதும் மாட்டாததுமாக இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பறந்தார்கள். தலைவர் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா? கல்லுக்கு ஏதாவது ஆச்சா?"

"கல் பத்திரமா இருக்கு சார். உங்க கொள்ளுத்தாத்தா கடிதத்தைக் கேக்கலாம்னு வந்தோம்."

தலைவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பதினோரு முறையும் அவராகப் படித்தார். பன்னிரண்டாவது முறைதான் ஒருவர் கேட்டு வாங்குகிறார். இரண்டு பேரையும் நாற்காலியில் உட்கார வைத்து, கடிதத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமினார்.

"'மூன்று நாளாகக் குழிக்குள் கிடந்தோம். தாகம் தாங்க முடியவில்லை. தோட்டாபறக்கும்போதும்எங்கள்...'"

"சார், மெதுவா! அந்த இடத்தை மட்டும் மெதுவாப் படிங்க."

"எந்த இடம்?"

"தண்ணி வர்ற இடம்."

தலைவர் புருவத்தைத் தூக்கினார். ஆனாலும் மெதுவாகப் படித்தார். "'தோட்டா பறக்கும்போதும்... எங்கள் வந்துட்டேன் அண்ணன்... தோல்பையில் தண்ணீரோடு தவழ்ந்து வந்தார். ஆளுக்கு இரண்டு வாய்தான் கிடைத்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.'"

"அந்த வந்துட்டேன் அண்ணன் யாரு சார்?"

தலைவர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து படித்துவந்த கடிதம். அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டதில்லை.

"எங்க வீட்டுத் தாத்தா" என்றான் நெட்டை.

அவன் சொல்லவேண்டிய மீதியை வாண்டு மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர்கள் வீட்டுப் பழக்கத்தை, சைக்கிள் கடை மாமா சொன்னதை, சட்டையில் ஒரு கையோடு நெட்டை ஓடி வந்ததை எல்லாம். கடைசியில், "பதிவேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?" என்றாள்.

தலைவர் அலமாரியைத் திறந்து, பதிவேட்டுப் பக்கத்தின் நகலை எடுத்தார். பூதக்கண்ணாடியையும் எடுத்தார். மூன்று தலைகள் அந்தத் தாளின் மேல் முட்டிக்கொண்டன. இருபத்தெட்டுப் பெயர்கள். அவற்றுக்குக் கீழே, தாள் மடிந்த ஓரத்தில், கறை மாதிரி ஏதோ ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறை இல்லை, எழுத்து.

'தண்ணீர் சுமக்க: 1.'

பெயர் இல்லை. ஊர் இல்லை. ஒரு எண் மட்டும்.

"இருபத்தெட்டும் ஒண்ணும் இருபத்தொன்பது" என்று வாண்டு மெல்லச் சொன்னாள். "குமாஸ்தாவுக்குக் கணக்கு வந்திருக்கு சார்."

தலைவர் அந்த ஒன்றின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அவரு கொடுத்த ரெண்டு வாய்த் தண்ணியிலதான் எங்க வம்சமே வந்திருக்கு. நான் அவரைப் பிழைன்னு சொல்லிக் கோடு போட்டு அடிச்சிருக்கேன்" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து வாண்டுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. நெட்டை தன் கைக்குட்டையை நீட்டினான். அதில் சைக்கிள் எண்ணெய் வாசம் அடித்தது. தலைவர் அதைப் பொருட்படுத்தாமல் துடைத்துக்கொண்டார்.

நேராக எல்லோரும் பட்டறைக்கு வந்தார்கள். வழியில் சைக்கிள் கடை மாமாவையும் கூட்டிக்கொண்டார்கள். தலைவர் நடுத்தெருவிலேயே அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எண்ணெய்க் கையைக் கொடுத்துவிட்டோமே என்று மாமா நெளிந்தார்.

கதை முழுவதையும் கேட்ட அம்மா, கல்லின் மேலிருந்த துணியை விலக்கினார்.

"எனக்கும் போடணும்னு ஆசைதான் சார். ஆனா எங்க போடுறது? மேல தலைப்பு, கீழ கோடு, நடுவுல பதினாலும் பதினாலும். ஒரு எறும்பு வந்து படுக்கணும்னாக்கூட இடம் இல்ல."

"கோட்டுக்கு அடியில சின்ன எழுத்துல போட்டுடலாமா?" என்றார் தலைவர்.

"சின்ன எழுத்துல போட்டா, சின்ன ஆளுன்னு நினைச்சுப்பாங்க சார்" என்றாள் வாண்டு.

"புதுக் கல்லு?"

"வந்து சேரவே ரெண்டு வாரம் ஆகும். அப்புறம் மூணு வாரம் வெட்டணும்" என்றார் அம்மா.

"இருக்கட்டும் அக்கா" என்றார் சைக்கிள் கடை மாமா. "இவ்வளவு தூரம் எல்லாரும் யோசிச்சதே போதும். நாலு நாள்ல என்ன பண்ண முடியும்?"

அவர் 'இருக்கட்டும்' என்று சொன்ன விதம் வாண்டுக்குப் பொறுக்கவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்து குதிகாலால் கல்லை உதைத்தாள். டொக். டொக். டொக்.

"கல்லை உதைக்காதேடி. யோசிக்க முடியல" என்றார் அம்மா.

வாண்டு உதைப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். எதை உதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதே கறுப்பு. அதே வெள்ளைப் புள்ளிகள்.

அவள் மெல்ல எழுந்தாள். அவ்வளவு ஆசையான இடம். எழுவதற்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அம்மா, இது அந்தப் பெரிய கல்லுல அறுத்த துண்டுதானே? அப்போ அவரும் அவங்களோட ஒரே கல்லுலதான் இருப்பாரு."

அம்மா மகளை ஒரு நொடி பார்த்தார். "உன் சிம்மாசனம்டி."

"தெரியும்" என்றாள் வாண்டு. "இதுல அவரோட பேரைப் போடுங்க. அதே அளவு எழுத்துல."

அம்மா துண்டைத் தடவிப் பார்த்தார். "ஒரு பேரு தாராளமா வரும். ஆனா இதை எங்க வைக்கிறது? பெரிய கல்லு பக்கத்துல வச்சா, மிச்சம் மீதி மாதிரி தெரியுமே."

அப்போது நெட்டை தயங்கித் தயங்கி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான்.

"வந்துட்டேன்!" என்று வாண்டு அவர்கள் வீட்டு வழக்கப்படியே கத்திக்கொண்டு ஓடினாள். செம்போடு திரும்பி வந்தவள் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டாள். செம்பு சரிந்து தண்ணீர் காலில் கொட்டியது.

"பூங்காக் குழாய்!"

"என்ன குழாய்?"

"கல்லுக்கு எதிர்ல ஒழுகிட்டு நிக்குதே, அந்தக் குழாய்! அதைத் தாங்குற கம்பம்தான் உடைஞ்சு போச்சே. அந்த இடத்துல சின்னதா ஒரு மேடை கட்டி, அது மேல இந்தக் கல்லை நட்டா? கல்லுல பேரு, அதுக்குக் கீழ குழாய். விளையாடுற பசங்க எல்லாரும் தண்ணி குடிக்க அங்கதான் வருவாங்க. குனிஞ்சா கண்ணுக்கு நேரா அவரு பேருதான் தெரியும்!"

எல்லோரும் சைக்கிள் கடை மாமாவைப் பார்த்தார்கள். சொல்லவேண்டியவர் அவர்தானே.

மாமா கல் துண்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் மேல் கையை வைத்தார். "எங்க தாத்தாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு. குழாயை நான்தான் மாட்டுவேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது!"

"நான் மாட்டினா ஊரே வெள்ளத்துல மிதக்கும். நீங்களே மாட்டுங்க" என்றார் தலைவர்.

வியாழனும் வெள்ளியும் அம்மா வேறு எந்த வேலையும் தொடவில்லை. முதலில் சைக்கிள் கடை மாமா சொல்லச் சொல்ல, பெயரைத் தாளில் எழுதினார். மாமா எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தார். வாண்டு மூன்று முறை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் உளி கல்லைத் தொட்டது. முழுப் பெயருக்குக் கீழே, 'வந்துட்டேன் அண்ணன்' என்றும் வெட்டினார்.

கடைசியில் குழாய்க்காக ஓட்டை போட வேண்டியிருந்தது. அதுதான் பெரிய பயம். கொஞ்சம் பிசகினாலும் கல் இரண்டாகப் பிளந்துவிடும். வேறு துண்டும் கிடையாது. அம்மா இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார். வாண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நெட்டை காதை மூடிக்கொண்டான். சத்தம் நின்றதும் இரண்டு பேரும் ஓடிப் போய் அந்த ஓட்டை வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா வாசலில் நல்ல கூட்டம். கடைக்காரர்கள், ஆசிரியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குழந்தையைத் தோளில் தூக்கி வந்தவர்கள் என்று ஊரே வந்திருந்தது. நெட்டையும் வந்திருந்தான், இரண்டு கையும் சட்டைக்குள் இருக்க. சைக்கிள் கடை மாமா எண்ணெய் போகும்வரை கையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

பெரிய கல்லின் திரை விலகியது. தலைவர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் படிக்கும்போது குரலை ஓங்கவில்லை. எல்லாப் பெயரையும் ஒரே மாதிரிதான் படித்தார். இருபத்தெட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு" என்றார். "நூறு வருஷமா அவரு பதிவேட்டுல வெறும் எண்ணா இருந்தாரு. நானும் அதைக் கூட்டல் பிழைன்னு அடிச்சேன். சரியாக் கூட்டத் தெரிஞ்சது, இதோ நிக்கிறாங்களே, இந்த..." பாப்பா என்று சொல்ல வாயெடுத்தவர், வாண்டின் முறைப்பைப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டார். "...இந்த அம்மாவுக்குத்தான்."

கூட்டம் கைதட்டியது. வாண்டுக்குக் காது சிவந்தது.

தலைவர் இருபத்தொன்பதாவது பெயரைப் படித்தார். அந்தப் பெயரை அத்தனை பேர் நடுவில் கேட்டபோது சைக்கிள் கடை மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுவது யாருக்கும் தெரியக் கூடாது என்று நெட்டை முன்னால் வந்து நின்று மறைத்தான். அவன் உயரம் அன்றைக்கு நல்ல உபயோகமாக இருந்தது.

"குழாயைத் திறங்க" என்றார் தலைவர்.

மாமா மகனைப் பார்த்துத் தலையசைத்தார். நெட்டை போய்த் திருகினான்.

குர்ர்ர்ர். காற்றுதான் வந்தது. தண்ணீர் வரவில்லை.

ஊரே குழாயைப் பார்த்தது. "காலையில நல்லா வந்துச்சே!" என்று மாமா கையைப் பிசைந்தார். தலைவர் குனிந்து குழாயின் வாயருகே எட்டிப் பார்த்தார். குர்ர்ர்ர். க்ளக்.

புஸ்ஸென்று தண்ணீர் பாய்ந்தது! தலைவரின் சுருக்கமில்லாத சட்டை தொப்பலாக நனைந்தது. மூன்று பேனாக்களும் நனைந்தன. நெட்டை தன்னை மறந்து ஊருக்கே கேட்கும்படி கத்தினான்:

"வந்துட்டேன்!"

ஒரு நொடி எல்லோரும் திகைத்தார்கள். அப்புறம் சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தவர் தலைவர்தான். சைக்கிள் கடை மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கூட்டத்தில் இருந்த பொடிசுகளெல்லாம் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு குழாயை நோக்கி ஓடின.

"வரிசை, வரிசை!" என்று தலைவர் அதட்டினார். "ஆளுக்கு ரெண்டு வாய்!"

ஊர் முழுவதும் வரிசையில் நின்று, குனிந்து, அந்தப் பெயரைப் படித்து, இரண்டு வாய் குடித்தது.

கூட்டம் கலைந்தபின் அம்மா வாண்டின் தோளைத் தொட்டார். "நாளையிலேர்ந்து எங்கேடி உட்காருவ?"

"பழைய பெயின்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டுக்கிறேன்."

"சிம்மாசனம் போச்சேன்னு வருத்தமா இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு" என்றாள் வாண்டு. பொய் சொல்ல அவளுக்கு வராது.

வீட்டுக்குக் கிளம்பும்முன் அவள் பெரிய கல்லின் முன்னால் போய் நின்றாள். பட்டறைப் பழக்கம் விடுமா? விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்தெட்டு. பிறகு திரும்பிக் குழாயைப் பார்த்தாள். அங்கே ஒரு குட்டிப் பையன் எக்கி எக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இருபத்தொன்பது" என்றாள் வாண்டு. கணக்கு சரியாக இருந்தது.